யோகா: வகுப்பில் சேர்வதா, வீட்டிலேயே செய்வதா?

மாதாமாதம் பணம் கட்டி யோகா வகுப்புக்குப் போவதா, ஒரு மேட் வாங்கிப் போட்டு வீட்டிலேயே செய்வதா என்று யோசிப்பவர்கள் பணத்தையும் நேரத்தையும்தான் முதலில் கணக்குப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, இப்போது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது. திரிகோணாசனத்தில் எந்தப் பாதத்தை எவ்வளவு திருப்ப வேண்டும், புஜங்காசனத்தில் எழும்போது மூச்சை இழுக்க வேண்டுமா விட வேண்டுமா, இதையெல்லாம் யாரும் சொல்லாமல் உங்களால் செய்ய முடிகிறதா? முடிந்தால் வீடு போதும். முடியாதென்றால் இரண்டு மூன்று மாதமாவது ஒரு ஆசிரியரின் கண் முன்னால் செய்தாக வேண்டும்.

வகுப்பு கற்றுக்கொள்கிற இடம், வீடு பழகுகிற இடம். வாரம் இரண்டு நாள் பாட்டு டீச்சரிடம் போய்விட்டு, மற்ற நாள்களில் வீட்டில் சாதகம் செய்வதைப் போலத்தான் இதுவும். ஆகவே இரண்டில் எது என்று கேட்பதைவிட, எதை முதலில், எதை எவ்வளவு என்று கேட்பதுதான் பயன்படும்.

இந்தக் கேள்வி பழையதுதான். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை, யோகம் பழகுபவன் சின்ன வாசல் கொண்ட, ஜன்னல் இல்லாத, சாணம் மெழுகிய சிறு குடிலில் தனியாக இருந்து பழக வேண்டும் என்கிறது. அடுத்த மூச்சிலேயே, குரு காட்டிய வழியில் பழக வேண்டும் என்றும் சொல்கிறது. யோகத்தைக் கெடுக்கும் ஆறு விஷயங்களின் பட்டியலில் அதிகப் பேச்சும் கூட்டத்தோடு சேர்வதும் இருக்கின்றன. வகுப்பு முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் அரைமணி நேரம் கதை பேசுகிறவர்கள் கவனிக்கலாம்.

சென்னையில் 1976இல் யோக ஆசிரியர் டி.கே.வி. தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் பின்பற்றும் மரபும் ஏறக்குறைய இதே வழிதான். ஆசிரியர், கற்க வந்தவரைத் தனியாகப் பார்த்து, அவர் உடம்புக்கு ஏற்றபடி ஒரு பயிற்சியை வகுத்துக் கொடுப்பார். கற்றுக்கொண்டவர் அதை வீட்டில் செய்துவிட்டு, சில நாள் கழித்து வந்து காட்டித் திருத்திக்கொள்வார். இன்றைக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று சொல்வதற்கில்லை.

யார் தனியாகத் தொடங்கக் கூடாது

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீடியோ பார்த்து வீட்டில் தொடங்க வேண்டாம். பொதுவான குழு வகுப்பும் வேண்டாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டு, தனியாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரிடம் போங்கள்.

கட்டுப்படாத ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களுக்குக் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளும் மூச்சை அடக்கி வைப்பதும் ஆகாது. குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அப்படியே. கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தால் தலை கீழாக இருக்கும் எந்த ஆசனமும் கண்ணுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். சிரசாசனம் மட்டும்தான் அப்படி என்று நினைக்க வேண்டாம், நாய் குனிந்து நிற்பது போன்ற அதோமுக ஸ்வானாசனத்திலும் கூடும். எலும்பு மெலிவு உள்ள, மாதவிடாய் நின்ற பெண்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனிந்தால் முதுகெலும்பில் விரிசல் விழ வாய்ப்பு உண்டு. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் நழுவி, வலி காலுக்கு இறங்குகிறவர்களுக்கும் குனிவதுதான் முதல் எதிரி.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ‘வெறும் வயிற்றில் செய்யுங்கள்’ என்பது எல்லோரும் சொல்லும் விதி. உங்களுக்கு அது அப்படியே பொருந்தாது, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். மருந்து நேரமும் பயிற்சி நேரமும் எப்படி அமைய வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். மேட் பக்கத்தில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் ஆசனத்தை விட்டுவிட்டு அதைச் சாப்பிடுங்கள்.

தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு) படித்த மருத்துவர்கள். நோய் இருக்கிறவர்கள் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

உங்கள் கண்ணுக்குத் தெரியாதவை

ஆசிரியருக்குக் கொடுக்கும் பணம், அவர் கண்ணுக்காகத்தான். ஆசனத்தின் பெயரையும் படியையும் யூடியூபே சொல்லிவிடும். நீங்கள் செய்வது தப்பு என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

பச்சிமோத்தாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து குனிய வேண்டும். பெரும்பாலானோர் நெற்றியை முட்டியில் வைத்துவிட வேண்டும் என்று பார்க்கிறார்கள். தொடையின் பின்தசை இறுக்கமாக இருந்தால் இடுப்பு எலும்பு முன்னால் சாயாது, பின்னால் சரிந்தே நிற்கும். அப்போது குனிவதெல்லாம் கீழ்முதுகிலிருந்துதான் வரும். முதுகு கூன் போட்டு, டிஸ்க்குகளின் முன்பக்கம் நசுங்கும். செய்பவருக்கோ நன்றாக இழுக்கிறது, நல்ல பயிற்சி என்றுதான் தோன்றும். பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு ஒரே நொடியில் தெரிந்துவிடும். சரி செய்வது சுலபம்: மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு மடித்த போர்வை மேல் உட்காருங்கள், முட்டியைக் கொஞ்சம் மடக்குங்கள், பாதத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டு அதன் இரு முனையையும் பிடித்துக்கொள்ளுங்கள். தலை முட்டியை நோக்கிப் போக வேண்டாம், தொப்புள் தொடையை நோக்கிப் போகட்டும்.

ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி நிற்கும் வீரபத்ராசனத்தில் தப்பு முன்முட்டியில் நடக்கும். முதல் ஐந்து மூச்சு வரை முட்டி நேராக இருக்கும். இடுப்பின் வெளித்தசை களைத்ததும் முட்டி மெல்ல உள்பக்கம், கட்டைவிரல் பக்கம், சரியத் தொடங்கும். முட்டி கணுக்காலுக்கு நேர் மேலே, இரண்டாம் விரலைப் பார்த்து இருக்க வேண்டும். பாதத்தின் சுண்டுவிரல் ஓரத்தைத் தரையில் அழுத்தினால் முட்டி தானாக நேராகும். அப்படியும் நிற்கவில்லை என்றால் முட்டி மடக்குவதைக் குறையுங்கள்.

சூரிய நமஸ்காரத்தில் தரைக்கு இறங்கும் கட்டத்தில் தோள் முழங்கைக்குக் கீழே போகிறது. வேகமாகப் பன்னிரண்டு சுற்று போடுகிறவர்களுக்கு தோள் முன்பக்கம் வலிப்பது பெரும்பாலும் இதனால்தான். கை வலு வரும்வரை முட்டியைத் தரையில் ஊன்றி இறங்குங்கள். பத்மாசனத்தில் கால் இடுப்பு மூட்டில் திரும்ப வேண்டும். இடுப்பு திரும்பாதபோது கையால் இழுத்துப் பாதத்தைத் தொடைமேல் வைத்தால் திருகல் முழுதும் முட்டியில் விழுகிறது. முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு கிழிந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும். சாதாரணமாகச் சம்மணமிடும் சுகாசனத்தில் உட்கார்ந்தும் பிராணாயாமம் செய்யலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

சிரசாசனம், சர்வாங்காசனம் இரண்டையும் வீடியோ பார்த்துக் கற்கவே கூடாது. உடம்பின் எடை கழுத்தில் இறங்கும் ஆசனங்கள் இவை. சுவரில் சாய்ந்து செய்தால் பரவாயில்லை என்பதும் சரியில்லை. சுவர் விழாமல் காப்பாற்றும், கழுத்தைக் காப்பாற்றாது.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலான இடங்களில் ஒரு நாள் டிரையல் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் ஆசனத்தைவிட ஆசிரியரைக் கவனியுங்கள்.

தொடங்குவதற்கு முன்பே உடம்பில் என்ன பிரச்சனை, ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாரா? கேட்காத இடத்துக்கு மறுநாள் போக வேண்டாம், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. வகுப்பு முழுக்க மேடையில் தானே செய்துகாட்டிக்கொண்டிருந்தாரா, நடந்து வந்து பார்த்தாரா? உங்களால் முடியாத ஆசனத்துக்கு உடனே மாற்று ஒன்று சொன்னாரா? தொடுவதற்கு முன் கேட்டாரா? பின்னாலிருந்து முதுகில் உட்கார்ந்தோ அழுத்தியோ குனிய வைக்கும் மாஸ்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது திறமை என்று நினைத்து ஏமாற வேண்டாம். தொடைப் பின்தசை இடுப்பெலும்போடு சேரும் இடம் கிழிவது இப்படித்தான்.

ஆசிரியர் ஒருவர் 12 முதல் 15 பேர் வரை சமாளிக்கலாம். 30 பேர் இருந்தால் உதவிக்கு இன்னொருவராவது வேண்டும். கடைசியில் அசையாமல் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்கு ஐந்து நிமிடமாவது கொடுக்கிறார்களா, அடுத்த பேட்ச் கதவைத் தட்டுகிறதா என்பதையும் பாருங்கள்.

சான்றிதழைப் பற்றி: மத்திய அரசின் ஆயுஷ் (இந்திய மருத்துவ முறைகள்) அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் ஒன்று இருக்கிறது, படிப்படியான தேர்வுகள் நடத்துகிறது. சுவரில் மாட்டியிருக்கும் ‘200 மணிநேரம்’ என்ற சான்றிதழ் ஆரம்ப நிலைப் பயிற்சி. பல இடங்களில் அதை ஒரே மாதத்தில் முடித்துவிடுகிறார்கள். அதனால் அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு சொல்லிக்கொடுத்திருக்கிறார், இன்னும் யாரிடமாவது கற்றுக்கொண்டிருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கோபித்துக்கொள்கிறவரை விட்டுவிடலாம்.

எந்த முறை என்பதும் முக்கியம். உடம்பு இறுக்கமானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பி.கே.எஸ். ஐயங்கார் வகுத்த முறை ஒத்துவரும், ஏனென்றால் அதில் கட்டை, பெல்ட், நாற்காலி, கயிறு எல்லாம் பயன்படுத்துவார்கள், ஒரு ஆசனத்தை நுணுக்கமாகப் பிரித்துச் சொல்வார்கள். ஆசனங்களை மூச்சோடு தொடர்ச்சியாகக் கோத்துச் செய்யும் அஷ்டாங்க வின்யாசம் வேகமும் வலுவும் கேட்கும். அதில் மைசூர் முறை வகுப்பு என்றால் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வரிசையைத் தன் வேகத்தில் செய்வார்கள், ஆசிரியர் சுற்றிவந்து திருத்துவார். வீட்டில் செய்வதற்கு மனப்பாடம் ஆக இதைவிட நல்ல வழி கிடையாது. மூட்டை அசைக்கும் எளிய பயிற்சியும் தியானமும் போதும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்பவர்களுக்கு ஊர் ஊராக மனவளக்கலை மன்றங்கள் இருக்கின்றன.

பணக் கணக்கு

மாதக் கட்டணத்தைப் பார்க்காமல், நீங்கள் உண்மையில் போகிற வகுப்பு ஒன்றுக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். மாதம் 2,400 ரூபாய், 12 வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் போனால் ஒன்று 200 ரூபாய். ஏழுக்குத்தான் போனீர்கள் என்றால் கிட்டத்தட்ட 343 ரூபாய். அந்த 2,400 ரூபாயில் மாதம் மூன்று தனி வகுப்பு கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைத்தால், ஓரளவு தெரிந்தவருக்கு அதுதான் லாபம்.

ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மூன்று மாதம் அந்தப் பேச்சே வேண்டாம். அதற்குப் பிறகு கட்டினாலும், ஊருக்குப் போனால், காய்ச்சல் வந்தால் நாள்களை நிறுத்தி வைக்க முடியுமா, ஆசிரியர் மாறினால் என்ன என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

போகிற நேரமும் செலவுதான். ஒரு பக்கம் 20 நிமிடத்துக்கு மேல் ஆகிற வகுப்புக்கு மழைக்காலத்தில் யாரும் ஒழுங்காகப் போவதில்லை. கொஞ்சம் சுமாரான வகுப்பு நடந்துபோகும் தூரத்தில் இருந்து, நல்ல வகுப்பு ஊருக்கு அந்தப் பக்கம் இருந்தால்? தொடங்குகிறவர்கள் தூரம் போங்கள், முதல் இரண்டு மாதத்தில் பழகுவதுதான் காலத்துக்கும் நிற்கும்.

வீட்டில் இடமும் பொருளும்

மேட் விரித்தது போக, கையை இருபுறமும் நீட்டினால் பீரோவிலோ கட்டிலிலோ இடிக்கக் கூடாது. ஏழடிக்கு ஐந்தடி இருந்தால் தாராளம். ஒரு பக்கம் மூன்றடி அகலத்துக்கு வெறும் சுவர் வேண்டும். காலைச் சுவரில் ஏற்றிப் படுக்க, ஒற்றைக் காலில் நிற்கும்போது விரல் நுனியால் தொட்டுக்கொள்ள அது உதவும்.

மொட்டை மாடி காலை ஆறு மணிக்கு அருமையான இடம். ஆனால் மழைநீர் வடிய மாடித் தளத்தைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் ஒரு காலில் மட்டும் தள்ளாட்டம் வந்தால் கோளாறு காலில் இல்லாமல் தளத்தில்கூட இருக்கலாம். மேட்டைத் திருப்பிப் போட்டுச் செய்து பாருங்கள். படுத்துச் செய்கிறவற்றுக்குத் தலை தளத்தின் உயரமான பக்கம் இருக்கட்டும். கோடையில் மாலை ஏழு மணிக்கும் தளம் சுடும்.

மேட்டின் தடிமன் 4 முதல் 6 மில்லிமீட்டர் சரி. பத்து மில்லிமீட்டர் ஃபோம் மேட் முட்டிக்கு இதமாக இருக்கும், ஆனால் நின்று செய்யும் ஆசனத்தில் பாதம் புதைந்து கணுக்கால் ஆடும். முட்டி வலிக்கு மெல்லிய மேட்டின் மேல் ஒரு துண்டை மடித்துப் போடுவதுதான் சரியான வழி. வாங்கும்போது கடையிலேயே படுத்துப் பாருங்கள், உச்சந்தலையும் குதிகாலும் மேட்டுக்குள் அடங்க வேண்டும். உள்ளங்கை வியர்க்கிறவர்களுக்கு வழுவழுப்பான பி.வி.சி. வழுக்கும், ரப்பர் பிடிக்கும். ரப்பரை வெயிலில் காயவைத்தால் வெடித்துப்போகும், நிழலில் போடுங்கள்.

பவானி ஜமக்காளம் உட்கார்ந்து பிராணாயாமம் செய்யவும் சவாசனத்துக்கும் மேட்டைவிட நல்லது. டைல்ஸ் தரையில் அதை மட்டும் போட்டு நின்று ஆசனம் செய்தால் ஜமக்காளத்தோடு நீங்களும் நகர்வீர்கள்.

பெல்ட்டுக்குப் பருத்தித் துண்டு போதும். நீளத் தலையணைக்கு இரண்டு தலையணையைச் சேர்த்துப் போர்வையால் இறுக்கிச் சுற்றலாம். கட்டைக்குப் பதில் புத்தகங்களை அடுக்கித் துணியால் கட்டலாம், அடுக்கு நழுவக் கூடாது. நாற்காலி வேண்டுமென்றால் மடக்கு ஸ்டீல் நாற்காலி, அதையும் மேட் மேல் வைத்து. பிளாஸ்டிக் நாற்காலியில் எடையைச் சாய்த்தால் அதன் கால் விரியும்.

வீட்டுப் பயிற்சி எப்படிக் கெடுகிறது

முதல் எதிரி குக்கர் விசில். பால்காரர், போன், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை எல்லாம் அதற்குப் பின்னால்தான். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மேட்டில் நிற்கிறவருக்கு மூச்சு ஒருபோதும் நிதானமாகாது. ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று காத்திராமல், அடுப்பு பற்றவைப்பதற்கு முன் 30 நிமிடம் ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் உங்களைக் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அடுத்த கெடுதல் கவனிக்காமல் நடப்பது. வருகிற ஆசனத்தையே செய்துகொண்டிருப்போம், வராததை விட்டுவிடுவோம். வளைகிற உடம்புக்காரர் வளைவதையே செய்வார், வலுக்கூட்டும் சலபாசனம், நாவாசனத்தைத் தொடமாட்டார். இதற்கு ஒரே மருந்து, பிடிக்காத ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டி வைத்து அதை முதலில் செய்வது. பத்து எண்ணும் வேகமும் நாளாக நாளாகக் கூடிவிடும். ஆகவே எண்ணாமல் மூச்சைக் கணக்கு வையுங்கள், ஆசனத்துக்கு ஐந்து முழு மூச்சு.

30 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க 2 நிமிடம். கழுத்து, தோள், இடுப்பு, கணுக்கால் தளர்த்த 4. சூரிய நமஸ்காரம் நிதானமாக நான்கு சுற்று, 4. தாடாசனம், திரிகோணாசனம், வீரபத்ராசனம், விருட்சாசனம் 6. குப்புறப் படுத்துப் புஜங்காசனமும் சலபாசனமும் 3. உட்கார்ந்து குனிவதும் முறுக்குவதும் 3. சவாசனம் 5. எழுந்து உட்கார்ந்து, மூக்கின் ஒவ்வொரு பக்கமாக மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தி 3, மூச்சை நிறுத்தி வைக்காமல். நேரம் குறைந்தால் நடுவில் குறையுங்கள், சவாசனத்தை வெட்டாதீர்கள். ஃபேன் நேராக முகத்தில் அடித்தால் ஒரு துணி போர்த்திக்கொள்ளுங்கள், அசையாமல் கிடக்கும்போது உடம்பு சீக்கிரம் குளிரும்.

சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நான்கு மணி நேரம், டிபனுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். காபி இல்லாமல் எழ முடியாதவர்கள் அரை டம்ளர் குடித்து அரைமணி கழித்துத் தொடங்கலாம். இதற்காக யோகாவையே விட வேண்டியதில்லை.

ஆன்லைன் வகுப்பு நடுவழி. நேரலையாக இருக்க வேண்டும், ஆசிரியர் உங்கள் திரையைப் பார்க்க வேண்டும், பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. போனை இடுப்பு உயரத்தில் ஒரு ஸ்டூல் மேல், மேட்டின் நீளப் பக்கத்துக்கு நேராக, ஏழெட்டடி தள்ளி வையுங்கள். தலை முதல் கால் வரை தெரியாவிட்டால் அவர் திருத்த வழியில்லை. முறுக்கிய நிலையில் திரையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பாதீர்கள், காது போதும்.

இரண்டையும் சேர்ப்பது

புதிதாகத் தொடங்குகிறவருக்கு: முதல் மாதம் வாரம் மூன்று வகுப்பு, வீட்டில் இரண்டு நாள் 15 நிமிடம், வகுப்பில் கற்றதை மட்டும். இரண்டாம் மாதம் இரண்டு வகுப்பு, வீட்டில் மூன்று நாள். மூன்றாம் மாதம் ஒரு வகுப்பு, வீட்டில் நான்கு நாள். இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள்: யார் குரலும் இல்லாமல், போனும் இல்லாமல், 20 நிமிடம் உங்களால் தொடர்ந்து செய்ய முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த வகுப்பில் உங்களிடம் வேலை வாங்குகிறார்கள், சொல்லிக்கொடுக்கவில்லை. ஆசிரியரிடம் வரிசையை எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.

வலியையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தசையின் நடுப்பகுதியில் இழுப்பது, மறுநாள் லேசாக வலிப்பது சகஜம். மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ, உட்காரும் எலும்பின் அருகில் ஒரு புள்ளியில் வலித்தாலோ, கை காலில் மின்சாரம் பாய்வது போல் இறங்கினாலோ அந்த ஆசனத்தை அன்றே நிறுத்துங்கள். கை கால் மரத்துப்போய், அது சரியாகவில்லை என்றால் மருத்துவர்தான், யோகா மாஸ்டர் இல்லை.

மூன்று மாதம் தாண்டியவர்கள் மாதம் ஒன்றிரண்டு வகுப்போடு நிறுத்திக்கொள்ளலாம். போவதற்கு முந்தைய வாரம், வீட்டில் செய்வதில் மூன்று ஆசனத்தைப் பக்கவாட்டிலிருந்து போனில் படம்பிடித்து வையுங்கள், ஒவ்வொன்றும் அரை நிமிடம். வகுப்பு தொடங்குவதற்கு முன் ஆசிரியரிடம் அதைக் காட்டி, எதை மாற்ற வேண்டும் என்று கேட்டுவிட்டு மேட்டை விரியுங்கள்.